உட்காரும், உட்காராது

மருந்துக்கடை வாசலில் நிற்கும் ஆம்புலன்ஸுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு காலில் மட்டும் சாக்ஸ். சுற்றிலும் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் குனிந்து அந்தக் காலைத் தொட்டுப் பார்த்து, "சூடாத்தான் இருக்கு" என்கிறார். இன்னொருவர் ஆம்புலன்ஸுக்கு ஃபோன் போட்டுக்கொண்டிருக்கிறார், அந்த ஆம்புலன்ஸ் மேலேயே சாய்ந்துகொண்டு. அடியிலிருந்து குரல் வருகிறது.

"வெளிச்சத்த மறைக்காதீங்க சார். நானூத்திப் பதினேழு. யாராவது எழுதிக்கோங்க, நானூத்திப் பதினேழு."

கூட்டத்தில் ஒருவர் பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொள்கிறார். எதற்கென்று அவருக்குத் தெரியாது. கால்கள் நெளிந்து நெளிந்து வெளியே வர, பின்னாலேயே இடுப்பு, சட்டை, கடைசியாக முகம். அறுபத்திரண்டு வயது முகம். வண்டிக்கு அடியில் போய் வருவதற்கென்றே செய்த மாதிரி தட்டையான உடம்பு. அவர் எழுந்து, எழுதிக்கொண்டவரின் கையைப் பிடித்து உள்ளங்கையை உற்றுப் பார்க்கிறார். ஜோசியம் பார்க்கிற மாதிரியே இருக்கிறது. பிறகு உதட்டைப் பிதுக்கி, "உக்காராது" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறார். கையைக் கொடுத்தவருக்கு அன்று சாப்பாடு இறங்கியிருக்காது.

இவர் எங்கள் வீட்டுக்காரர். கீழ்வீட்டில் அவரும் வீட்டுக்காரம்மாவும், மாடியில் வாடகைக்கு நான். தெருவில் இவருக்குப் பெயர் எம்.எம். இனிஷியல் என்று நினைத்துவிடக் கூடாது. மில்லிமீட்டரை மெக்கானிக்குகள் அப்படித்தான் சொல்வார்கள். "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று இவருக்குச் சொல்ல வராது, "ஒரு அறுநூறு எம்.எம். தள்ளிக்கோங்க" என்பார். விவரம் தெரியாதவர்கள் அனுப்பும் கல்யாணப் பத்திரிகைகள் 'உயர்திரு எம்.எம். அவர்கள் குடும்பத்தார்' என்றே வருகின்றன. அவரும் திருத்துவதில்லை. மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா குத்தியிருக்கும் இடத்தில் இவர் காலிப்பர் குத்தியிருக்கிறார். பாம்பு வாயைப் பிளந்த மாதிரி இருக்கும் அந்த அளவுக் கருவியோடுதான் தூங்கவும் போகிறார் என்று நினைக்கிறேன். சாக்ஸ் ஒன்று மட்டும் இருப்பதற்குக் காரணம், மற்றது எப்போதும் கிரீஸ் துடைக்கப் போய்விடும்.

இவருடைய அகராதியில் இரண்டே சொற்கள். ஒரு பொருள் இன்னொன்றில் பொருந்தினால் "உக்காரும்." பொருந்தாவிட்டால் "உக்காராது." பாத்திர மூடி, தலையணை உறை, புது மந்திரிசபை எல்லாவற்றுக்கும் இதே தீர்ப்புதான். ஒரு முறை மச்சினி தன் மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையின் போட்டோவோடு வந்தார். பெரிய போட்டோ, சின்னக் கவர். எம்.எம். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உக்காராது" என்றார். மச்சினியின் முகம் சுருங்கிவிட்டது. "மனசுல பட்டத சொல்லிட்டீங்க மாமா" என்று போனவர், அந்தச் சம்பந்தத்தையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கவரைத்தான் சொன்னேன் என்று இவர் விளக்குவதற்குள் அந்தப் பெண்ணே ஃபோன் செய்து, "ரொம்ப தேங்க்ஸ் பெரியப்பா, எனக்கும் பிடிக்கல" என்றாள். எம்.எம். வாயை மூடிக்கொண்டார்.

தொழில், பல் செட் செய்வது. டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதை வைத்து மேல் செட், கீழ் செட் என்று செய்து கொடுப்பார். முன்னறை அலமாரியில் வெள்ளை பிளாஸ்டரில் நாற்பது தாடைகள் வரிசையாக இருக்கின்றன. உள்ளே போனதும் அத்தனை பேரும் சேர்ந்து சிரிப்பார்கள். நாற்காலி கிடையாது. தன் பழைய காரில் டிரைவருக்குப் பக்கத்தில் இருந்த முன்சீட்டைக் கழற்றி வந்து அங்கே போட்டிருக்கிறார், வண்டியின் எடையைக் குறைக்கிறாராம். உட்கார்ந்தால் பெல்ட்டையும் மாட்டிவிடுவார். "மாட்டிக்கோங்க சார், இல்லன்னா கை சும்மா இருக்காது, பல்லு மேல படும்." நான் இந்த வீட்டுக்குக் குடிவருவது பற்றிப் பேசி முடித்ததே பெல்ட் போட்டுக்கொண்டுதான்.

வண்டி பக்கத்து ஷெட்டில் நிற்கிறது. தவிட்டு நிறம், உருண்டை விளக்கு, நாற்பத்தேழு வயது. அதைச் செய்த கம்பெனியை இழுத்து மூடி முப்பது வருடமாகிறது. இன்ஜினில் குறை சொல்ல முடியாது. குலுக்கல்தான் தாங்காது. பள்ளத்தில் இறங்கும்போது அடியை வாங்கிக்கொள்ள வேண்டிய சாமான்கள் எல்லாம் ஆயுள் முடிந்துவிட்டன: பின்னால் பாரத்தைத் தாங்கும் இரும்புப் பட்டைகள், ஆட்டத்தை அடக்கும் ஷாக், நடுநடுவே இருக்கும் ரப்பர் புஷ். புதிது எங்கும் கிடைக்காது. ஆனால் உலகத்தில் வேறு ஏதோ ஒரு வண்டிக்கு அடியில், வேறு ஏதோ பெயரில், அதே நீளத்தில், அதே தடிமனில் ஒரு சாமான் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்பதில் எம்.எம்.முக்குச் சந்தேகமே இல்லை. "செஞ்சவனுங்க எல்லாரும் ஒரே ஸ்கேல வச்சுத்தானே சார் செஞ்சிருப்பானுங்க?" என்கிறார். அதனால்தான் ஊரில் நிற்கும் வண்டிகளுக்கு அடியிலெல்லாம் படுக்கிறார். இரண்டு முறை, இவர் அடியில் இருப்பது தெரியாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். நடுரோட்டில் வானத்தைப் பார்த்துப் படுத்தபடி, கையில் காலிப்பரோடு, "அரை நிமிஷம் நின்னா என்ன?" என்று கத்தியிருக்கிறார்.

அளவுகளை எழுத நீளமான நோட்டு ஒன்று உண்டு. அதை முதலில் பார்த்தபோது, மனிதர் கல்யாணத் தரகும் செய்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். 'பால் வண்டி. உயரம் சரி. கழுத்து நீளம். கண் சின்னது. ஒத்து வராது.' 'ஸ்கூல் வேன். நல்ல உடம்பு. ஒரு காது இல்லை.' 'தீயணைப்பு வண்டி. பெரிய இடம். நமக்கு எட்டாது.' போல்ட் நுழைகிற வளையத்துக்குக் கண் என்றும், மாட்டுகிற கொக்கிக்குக் காது என்றும் பெயர் என்பது பிறகுதான் தெரிந்தது.

இவ்வளவும் வீட்டுக்காரம்மாவுக்காக. அந்த அம்மா தபால் ஆபீஸில் பார்சல் கவுண்டரில் இருக்கிறார். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு நாள் இந்த வண்டியில் இரண்டு பேரும் போகும்போது, பாலத்துக்கு முன்னால் இருக்கிற வேகத்தடையை எம்.எம். கவனிக்கவில்லை. அம்மாவின் தலை கூரையில் இடித்தது. திரும்பிக் கீழே வந்தபோது முன்பல் ஒன்று கையில் இருந்தது. அவர் கத்தவில்லை. கதவைத் திறந்து இறங்கினார். "இது உக்காருற வண்டி இல்லங்க, விழுற வண்டி" என்று சொல்லிவிட்டு அடுத்து வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். பல்லை எம்.எம். தாமே செய்து கொடுத்தார். அது அச்சாக உட்கார்ந்தது. அம்மா மட்டும் வண்டியில் திரும்ப உட்காரவில்லை.

சண்டை என்று நினைக்க வேண்டாம். காலையில் எட்டு நாற்பது பஸ்ஸில் அம்மா கடைசி சீட்டில் ஏறிக்கொள்வார். எம்.எம். காலி வண்டியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னாலேயே போவார். தபால் ஆபீஸ் வாசலில் அம்மா இறங்கி உள்ளே போனதும் திரும்பி வந்துவிடுவார். சாயங்காலமும் அப்படியே. ஒன்பது வருடமாக ஒரு நாள் தவறாமல் இது நடக்கிறது.

"எதுக்கு சார் வெறும் வண்டிய ஓட்டிட்டுப் பின்னாடியே போறீங்க?" என்று கேட்டேன்.

"பஸ்ஸு பள்ளத்துல எறங்குறப்ப அவ எத்தன எம்.எம். எழும்புறான்னு கண்ணாடி வழியாப் பாப்பேன். ரோடு எங்க எங்க மோசம்னு தெரிஞ்சுக்கலாம் இல்லியா?"

அம்மாவும் சளைத்தவர் இல்லை. வீட்டுக்கு வந்ததும், "பாலத்துக்கு இந்தப் பக்கம் புதுசா ஒரு குழி விழுந்திருக்கு, பாத்துப் போங்க" என்று சொல்வதை என் காதால் கேட்டிருக்கிறேன். ஒரே ரோட்டில் ஒரே நேரத்தில் வந்தவர்கள்தான் இரண்டு பேரும்.

இந்த வருடம் நிலைமை மாறியது. அம்மாவுக்கு ஓய்வு பெறும் தேதி வந்துவிட்டது. இரண்டு மாதம்தான் பாக்கி. எம்.எம். ஒரு நாள் என்னை முன்சீட்டில் உட்கார வைத்து, பெல்ட்டை மாட்டி, அத்தனை தாடைகளும் பார்த்துக்கொண்டிருக்க, விஷயத்தைச் சொன்னார்.

"கடைசி நாளு அவ பஸ்ல வரக் கூடாது சார். அன்னைக்கு ஒரு நாளாவது வண்டில உக்காரணும். அதுக்கப்புறம் அவளுக்கு எங்கயும் போற வேல இல்ல. எனக்கும் பின்னாடி போற வேல இல்ல. அன்னைக்கு விட்டா விட்டதுதான்."

சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார். எனக்கும் என்னவோ போலிருந்தது. ஆறுதலாகத் தோளில் கை வைக்கலாம் என்றால் பெல்ட் விடவில்லை.

அன்றிலிருந்து தேடல் வேகமெடுத்தது. நல்ல சாமான் எந்த வண்டியில் இருக்கும் என்று யோசித்து யோசித்து, ஆடாமல் அசையாமல் போகிற வண்டி அமரர் ஊர்திதான் என்று ஒரு முடிவுக்கு வந்தார். யாரோ ஒருவர் வீட்டுச் சாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். அழுதுகொண்டிருந்தவர்கள், தூரத்துச் சொந்தம் என்று நினைத்து நாற்காலி போட்டார்கள். வண்டிக்கு அடியில் குனிந்து குனிந்து அவர் எதையோ பார்ப்பதைக் கண்டு, துக்கத்தில் தடுமாறுகிறார் என்று இரண்டு பேர் தூக்கி நிறுத்தினார்கள். ஊர்வலத்தில் கடைசி வரை நடந்தே போய்விட்டு வந்தார். "ஏன் சார் அவ்வளவு தூரம்?" என்றேன். "ஆளோட ஒரு அளவு, ஆளில்லாம ஒரு அளவு, ரெண்டும் வேணுமே சார்" என்றார். இரண்டுமே உட்காரவில்லை.

அடுத்தது பார்சல் கூத்து. வேறு ஊரில் ஒரு லேத்துக்காரர் இருக்கிறார். ஒன்பது வருடமாக எம்.எம்.முக்குச் சாமான் தேடித் தருபவரும் செய்து தருபவரும் அவர்தான். இரண்டு பேரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. எல்லாம் ஃபோனிலும் பார்சலிலும். தேய்ந்த ரப்பர் புஷ் ஒன்றை மாதிரிக்காக அவருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அதே நாளில், ஏலம் விடுகிறவர் ஒருவருக்குச் செய்த பல் செட்டை அவருடைய டாக்டருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே மாதிரி டப்பா. டப்பாவின் மேலே அவரவருக்கான குறிப்பை முதலிலேயே ஒட்டிவிட்டார். உள்ளே வைக்கும்போது மாற்றி வைத்துவிட்டார். கவுண்டரில் அம்மாதான் எடை போட்டார். இரண்டும் இம்மி பிசகாமல் ஒரே எடை இருந்ததால் அவருக்கும் சந்தேகம் வரவில்லை.

முதலில் டாக்டர் ஃபோன் செய்தார். அவர் டப்பாவின் மேல், 'மேல் செட். முதலில் இறுக்கமாக இருக்கும். போகப் போக உட்கார்ந்துவிடும்' என்று எழுதியிருந்தது. உள்ளே கறுப்பாக ஒரு ரப்பர் வளையம். டாக்டர் இருபது வருடமாக எம்.எம். பேச்சை நம்புகிறவர்.

"புது மாடலா சார்? வாயில வச்சுப் பாத்தோம். நீங்க சொன்ன மாதிரியே நல்லா இறுக்கமா இருக்கு. பல்லத்தான் காணோம்."

எம்.எம். பதறிப்போய் லேத்துக்காரரைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. பத்து நாள் கழித்து அவரே கூப்பிட்டார். அவர் டப்பாவின் மேல் இருந்த குறிப்பு, 'இதே மாதிரி நாலு வேணும். இன்னும் கெட்டியா.'

"முடிச்சுட்டேன் சார். கெட்டியா கேட்டீங்க, பித்தளையிலயே போட்டுட்டேன். லேத்துல நிக்கல, கையாலயே ராவினேன். பத்து நாளா வேற வேல பாக்கல. ஃபோனக்கூட எடுக்கல."

"எதப் போட்டீங்க?"

"நீங்க அனுப்புனதத்தான். பாதி வட்டக் கியரு. பதினாலு பல்லு. ஒரு பல்லு தேஞ்ச மாதிரி இருந்துச்சு, அதையும் கூர் வச்சுட்டேன். முப்பது வருஷமா தொழில்ல இருக்கேன் சார், இப்படி ஒரு கியர பாத்ததே இல்ல. எந்த வண்டிக்கு இது?"

எம்.எம். "பழைய வண்டி" என்று மட்டும் சொன்னார்.

நாலு பித்தளைப் பல் செட்டும் வந்து சேர்ந்தன. ஒன்றை ஏலக்காரர் ஆசைப்பட்டு வாங்கிக்கொண்டார்; பெரிய ஏலத்துக்கு மட்டும் போட்டுக்கொள்கிறார் என்று கேள்வி. மூன்று ஜன்னலில் இருக்கின்றன. சாயங்கால வெயில் பட்டால் தெருவைப் பார்த்துத் தகதகவென்று இளிக்கின்றன.

ஒரு வழியாக ரப்பர் புஷ் சரியாக வந்து உட்கார்ந்தது. பின்பக்க ஷாக் மட்டும் பாக்கி. மூன்று வாரம்தான் இருந்தது. ஒரு நாள் காலை எம்.எம். மூச்சிரைக்க மாடிக்கு ஓடி வந்தார்.

"நேத்து வரைக்கும் பாலத்துக் குழில அறுபது எம்.எம். எழும்புவா சார். இன்னைக்கு இருபதுதான் எழும்பினா!"

"அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?"

"பஸ்ஸு சார்! பஸ்ஸ மாத்திட்டாங்க. சின்ன பஸ்ஸு விட்டிருக்காங்க!"

மறுநாள் நானும் அதே பஸ்ஸில் இருந்தேன். கிளம்பும் இடத்தில் பஸ் சில நிமிடம் நிற்கும். கண்டக்டர் விசில் ஊதப் போகும் நேரத்தில், பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இரண்டு கால்கள் தெரிந்தன. ஒன்றில் சாக்ஸ். வண்டி மொத்தமும் எட்டிப் பார்த்தது.

"யாருப்பா அது? யம்மா, உங்க ஜன்னலுக்குக் கீழதான் கெடக்காரு. தெரிஞ்சவரா?" என்று கண்டக்டர் வீட்டுக்காரம்மாவைக் கேட்டார்.

அம்மா தலையை வெளியே நீட்டி அந்தக் கால்களை நிதானமாகப் பார்த்தார். "தெரியலியே" என்றார். பிறகு தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, "மூணு நிமிஷத்துல வந்துருவாரு. அதுக்குள்ள எடுத்துராதீங்க" என்றார்.

மூன்று நிமிடம் ஆவதற்கு முன்பே கீழே இருந்து சத்தம் வந்தது. "உக்காரும்! உக்காரும்! உக்காரும்!" கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்த பெரியவர் ஒருவர் தனக்குத்தான் மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்து, "பரவால்ல, நான் அடுத்த ஸ்டாப்புதான்" என்றார்.

லேத்துக்காரர் தன் ஊரில் தேடி, அதே பஸ்ஸின் ஷாக் ஒரு ஜோடி பிடித்து அனுப்பினார். அது வந்து இறங்கியது அம்மாவின் கவுண்டரில். தபால்காரர் கொண்டு வந்து தரட்டும் என்று விட்டிருக்கலாம். விடவில்லை. கையெழுத்துப் போட்டு வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டு வந்து வாசலில் இறக்கினார். "உங்களுக்கு ஏதோ வந்துருக்கு. ஏழு கிலோ முன்னூறு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அது என்னவென்றும் கேட்கவில்லை, கை வலிக்கிறது என்றும் சொல்லவில்லை. எம்.எம். பார்சலைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் அதைக் கட்டிப் பிடித்தபடி படியில் உட்கார்ந்திருந்தார்.

ஷாக் அச்சாக உட்கார்ந்தது. இன்னும் மெத்தென்று இருக்கட்டும் என்று பின்னால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு இரும்புப் பட்டையைக் குறைத்தார். அதில் ஒரு கணக்கு உண்டு. ஆள் ஏறினால் வண்டி கீழே இறங்கும். அப்படி இறங்கிய பிறகும், சக்கர அச்சுக்கும் அதற்கு மேலே இருக்கிற ரப்பர் கட்டைக்கும் நடுவில் நாற்பது எம்.எம். இடைவெளி இருக்க வேண்டும். குறைந்தால் வேகத்தடையில் இடிக்கும், ஏறியவர் எகிறுவார். சோதனைக்கு என்னைப் பின்சீட்டில் உட்கார வைத்தார். மடியில் ஒரு மூட்டை பிளாஸ்டரையும் வைத்தார்.

"நீங்க ஒல்லி சார். நீங்களும் இந்த மூட்டையும் சேந்தா அவ."

"எப்படித் தெரியும்?"

"கடைசியா உக்காந்தப்ப எவ்வளவு எறங்குச்சுன்னு எழுதி வச்சிருக்கேனே."

"அது ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி. இப்ப எவ்வளவு இருப்பாங்கன்னு கேக்க வேண்டியதுதானே?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்குக் கல்யாணம் ஆகல இல்ல?" என்றார்.

நாற்பத்தொன்று வந்தது. எனக்குப் பக்கத்தில் சீட்டின் மேல் ஆறு தாடைகளை நிற்க வைத்து, பாலத்துக்கு முன்னால் இருக்கிற அந்த வேகத்தடையிலேயே ஏற்றி இறக்கினார். ஒன்றுகூட விழவில்லை. ஒரு தாடை மட்டும் லேசாக வாயைத் திறந்து மூடியது.

கடைசி நாள் வந்தது. "நீங்களும் வரணும் சார். எடைக்கு இல்ல, தைரியத்துக்கு" என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நாலு மணிக்கெல்லாம் தபால் ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டோம். எதிர்ப்பக்கம் அந்தச் சின்ன பஸ்ஸும் வந்து நின்றது. போஸ்ட் மாஸ்டரும் மற்றவர்களும் புடைசூழ அம்மா வெளியே வந்தார். கையில் பரிசாகக் கொடுத்த சுவர்க் கடிகாரம், தோளில் பை. பஸ்ஸைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார்.

எம்.எம். பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். வரும் வழியெல்லாம் ஷாக், பட்டை, புஷ் என்று என்னென்னவோ சொல்லப் போவதாக ஒத்திகை பார்த்தவர். வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு சொல்.

"உக்காருறியா?"

அந்தச் சொல்லை அவர் கேள்வியாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. அம்மா புடவையை ஒதுக்கிக்கொண்டு, குனிந்து, உள்ளே ஏறி உட்கார்ந்தார். தபால் ஆபீஸ்காரர்கள் கை தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கப் பஸ் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தால் எம்.எம்.மைக் காணவில்லை. வண்டிக்கு அடியிலிருந்து கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கை தட்டல் ஒவ்வொன்றாக நின்றது.

"சார்" என்று கீழே இருந்து குரல் வந்தது. "முப்பத்தெட்டுதான் இருக்கு."

நான் குனிந்து, "ரெண்டு எம்.எம். தானே சார், விடுங்க. எந்திரிச்சு வந்து வண்டிய எடுங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"ரெண்டு எம்.எம். தானேவா? இடிக்கும் சார். மறுபடியும் அவளுக்கு..." குரல் உடைந்துவிட்டது. பிறகு, கால்கள் அசையாமலே, சத்தம் வந்தது. "எறங்கிடும்மா. பஸ்ஸு நிக்குது பாரு, அதுல போயிடு. நான் பின்னாடியே வரேன். இது உக்காராது."

எனக்கு அந்த மனிதர் மேல் கோபம் கோபமாக வந்தது. ஒன்பது வருடம் ஊரில் உள்ள வண்டிக்கு அடியிலெல்லாம் புரண்டவருக்கு, இந்த ஒரு நிமிடத்தில் ஒரு பொய் சொல்ல வாய் வரவில்லை. எதிர்ப்பக்கம் கண்டக்டர் அம்மாவைப் பார்த்து, வருகிறீர்களா என்று கையால் கேட்டார்.

அம்மா கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகச் சுவர்க் கடிகாரத்தை என்னிடம் நீட்டினார். பிறகு பையைக் கழற்றிப் போஸ்ட் மாஸ்டர் கையில் கொடுத்தார்.

"இப்ப எவ்வளவுங்க?"

"முப்பத்தொம்போதே கால்."

குனிந்து செருப்பைக் கழற்றி, ஒவ்வொன்றாக வெளியே போட்டார்.

"இப்ப?"

"அதேதான்மா."

பஸ் கிளம்பிப் போய்விட்டது. அம்மா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. முப்பத்திரண்டு வருடம் தராசுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அந்த அம்மா, "நல்லா பாத்துச் சொல்லுங்க" என்று கீழே குரல் கொடுத்துவிட்டு, இரண்டு கால்களையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு, கன்னம் உப்ப மூச்சை அடக்கிக்கொண்டார்.